எட்டு எம்.பி. இருந்தும் இடமில்லை

1990-களில் நம் சங்கத்துப் பொங்கல் மலரைப் படித்தவர்களுக்கு அந்தப் பெரியவரை நினைவிருக்கும். காஞ்சன்பாக்கில் உள்ள பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் 1971 முதல் 1994 வரை பணியாற்றி ஓய்வு பெற்றவர். மலருக்குக் கட்டுரை கேட்டால் மறுநாளே கொண்டுவந்து கொடுப்பார். அதுவும் கையெழுத்துப் பிரதியாக அல்ல, கணிப்பொறியில் தமிழிலேயே அடித்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்செடுத்து, ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்து, பின் குத்திக் கொடுப்பார். அந்நாளில் இது பெரிய விஷயம். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் துணைவியார் கேட்டுக்கொண்டதால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

சென்ற ஆடி மாதம் அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, வீட்டைக் காலி பண்றேன். பொண்ணு கோயம்புத்தூருக்கே வந்துடுன்னு கூப்பிடுறா. எல்லாம் கட்டியாச்சு. அவரோட கம்ப்யூட்டர் ஒண்ணுதான் மிச்சம். கபாடிக்காரன் நூத்தம்பது ரூபாய் தரேன்னு சொல்றான். கொடுத்துடலாம், ஆனா உள்ளே அவர் எழுதினது இருக்கே, அது என்ன ஆகும்?"

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புறப்பட்டேன். சைதாபாத்திலிருந்து டி.எம்.ஆர்.எல். சந்திப்பு அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அறையில் மூட்டைகளுக்கு நடுவே, அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள் அந்த 486 கணிப்பொறி அப்படியே இருந்தது. 14 அங்குலத் திரை, 4 எம்.பி. மெமரி. 1995-ல் பெரியவர் அதை வாங்கியபோது கூடப் போனவன் நான்தான். பெண் வழிப் பேரன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், மூட்டை கட்ட உதவிக்கு வந்திருந்தான். "ஸ்விட்ச் போடட்டுமா அங்கிள்?" என்று கையை நீட்டினான். வேண்டாம் என்று தடுத்தேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பல ஆண்டு தூங்கிய கணிப்பொறிக்கு எடுத்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். முதலில் மூடியைக் கழற்றித் தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ள மதர்போர்டில் ஒரு சிறு பாட்டரி இருக்கும். அந்தக் காலத்துப் பலகைகளில் அது பீப்பாய் வடிவில், பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். நாளாக நாளாக அது கசிந்து பச்சைப் பச்சையாகப் பூத்துச் செம்புக் கோடுகளை அரித்துவிடும். இங்கேயும் பூத்திருந்தது, நல்ல வேளையாகக் கோடுகள் வரை போகவில்லை. கட்டரால் பாட்டரியை வெட்டியெடுத்து, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்தேன். அதன் பிறகுதான் ஸ்விட்ச்.

விசிறி இரைந்தது. திரையில் மெமரியை எண்ணும் எண்கள் ஓடின. தேதி 1980 ஜனவரி 1 என்று காட்டியது. டாஸுக்குத் தெரிந்த முதல் நாள் அதுதான். ஹார்ட் டிஸ்க் இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி, அதன் லேபிளில் அச்சிட்டிருந்த சிலிண்டர், ஹெட், செக்டார் என்ற மூன்று எண்களையும் பார்த்து அடித்துக் கொடுத்ததும் நினைவு வந்துவிட்டது. 'சி' என்ற எழுத்து மின்னிக்கொண்டு நின்றது. பேரன், "மவுஸ் எங்கே அங்கிள்?" என்று கேட்டான்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. எண்ணி முடித்தபோது மெமரி 8 எம்.பி. என்று வந்திருந்தது. நான் வாங்கிக் கொடுத்தது நான்குதான்.

அம்மாவைக் கேட்டேன். "அதுவா? மெமரி பத்தலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு செகந்திராபாத் போய் அவரே வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தார். நீங்க வரலைன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தமிழ் எடிட்டரைத் தொடங்கினேன். கோப்புப் பட்டியலில் இரண்டுதான் புதியவை. ஒன்று 254 கே.பி., மற்றது வெறும் 2 கே.பி. பெரியதைத் திறந்தால் போதிய மெமரி இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. சிறியது திறந்தது. அரைப் பக்கம் இருந்தது. 1998 ஜூலை மாதத் தேதியிட்டு அவர் எழுதியிருந்தது இது:

"பெரிய கோப்பு திறக்க மறுக்கிறது. மெமரி இரண்டு மடங்காக்கியும் அதே பதில். நம் கம்ப்யூட்டர் நண்பர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும் வரை இதில் தொடருகிறேன்."

அதற்குப் பிறகு நான்கு வரி. அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் நண்பர் நான்தான். 1998 மே விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்காக அந்தக் கணிப்பொறியில் சி.டி. டிரைவ் பொருத்திக் கொடுத்தேன். (இந்தப் பேரன் அப்போது பிறக்கவேயில்லை.) அவர்கள் கொண்டுவந்த விளையாட்டு ஒன்று ஓட மறுத்ததால் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை முடக்கினேன். எல்லாம் ஓடியது, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் பெரியவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். "இந்த ஞாயிறு வருகிறேன் சார்" என்று மூன்று முறையும் சொன்னேன். ஆகஸ்டில் எனக்குச் சண்டிப்பூருக்கு மாற்றல் வந்தது. 2001-ல் திரும்பி வந்தபோது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. கணிப்பொறியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. 2003-ல் காலமானார்.

சரி, நடந்தது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டு எம்.பி. இருக்கிற கணிப்பொறி கால் எம்.பி. கோப்பைத் திறக்க இடமில்லை என்று ஏன் சொல்கிறது? பேரன் தன் கைப்பேசியில் 8 ஜி.பி. இருக்கிறது என்று காட்டிச் சிரித்தான். அந்த எட்டு எம்.பி.யைப் போல ஆயிரம் மடங்கு.

ஐ.பி.எம். நிறுவனம் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் மூளை இன்டெல் 8088. அதற்கு முகவரிக் கம்பிகள் 20. ஆகவே அது கூப்பிடக்கூடிய முகவரிகள் 2-ஐ 20 முறை பெருக்கினால் வரும் 10,48,576. சுருக்கமாக 1024 கே.பி. இதில் கீழ் 640 கே.பி.யை நம் புரோகிராம்களுக்கும், மேல் 384 கே.பி.யைத் திரைக்கும், ரோம் (அழியாத நினைவகம்) சிப்புக்கும், பின்னால் வரப்போகும் கார்டுகளுக்கும் என்று ஐ.பி.எம். ஒதுக்கியது. அன்றைய கணிப்பொறி 16 அல்லது 64 கே.பி.யோடு விற்பனையான ஒன்று. அதில் பத்து மடங்கு தாராளம் என்றே தோன்றியிருக்கும். 640 கே.பி. யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார்.

காஞ்சன்பாக் வாசிகளுக்குக் குவார்ட்டர்ஸ் உதாரணம் எளிதில் புரியும். ஒரு காலனியில் 1 முதல் 1024 வரை கதவு எண்கள். டாஸ் என்ற தபால்காரருக்கு 1024-க்கு மேல் எண்ணத் தெரியாது. முதல் 640 வீடுகளில்தான் குடித்தனம். 641-லிருந்து எஸ்டேட் ஆபீஸ் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த எண்களில் பாதிக்கு மேல் வெறும் எண் பலகைகள்தான், பின்னால் வீடே கிடையாது. பிற்காலத்தில் காலனிக்குப் பின்புறம் ஆயிரக்கணக்கில் புது வீடுகள் கட்டினார்கள். அவற்றுக்குத் தபால்காரர் கூப்பிடும்படியான எண் இல்லை. பெரியவர் செகந்திராபாத்தில் வாங்கிய 4 எம்.பி. இப்படிப் பின்புறம் கட்டிய இன்னும் நாலாயிரம் வீடுகள்தான். வீடுகள் நல்ல வீடுகள், தபால்தான் வராது.

இந்தக் குழப்பத்தில் சிக்கியவர் அவர் மட்டுமில்லை. மெமரி போதவில்லை என்று திரை சொன்னால் மெமரி வாங்குவதுதானே நியாயம்? 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ ரசாயன ஆலை வெடித்து எரிந்தது. சிப்புகளைப் பொதியும் எபாக்ஸி பிசினில் பெரும் பகுதி அங்கிருந்துதான் உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மெமரி விலை ஒரேயடியாக ஏறியது. அந்த விலையிலும் வாங்கிப் போட்டுவிட்டு, டாஸில் அதே பதிலைக் கண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்த அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு சிறு விலகல். இதே காஞ்சன்பாக்கில் 1988-ல் அனுராக் என்ற ஆய்வுக்கூடத்தைப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை தொடங்கியது. விமானம், ஏவுகணை இவற்றைச் சுற்றிப் பாயும் காற்றைக் கணக்கிடுவதற்காகப் பல செயலிகளை இணைத்து 'பேஸ்' என்ற இணைக் கணிப்பொறியை அங்கே உருவாக்கினார்கள். தொடக்கத்தில் அதில் வைத்தது மோட்டரோலா 68020. அதற்கு 32 முகவரிக் கம்பிகள். 640 என்ற சுவரே அதற்குத் தெரியாது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி. இந்தப் பக்கம் அதே ஊர்க்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பத்து கே.பி.க்கும் இருபது கே.பி.க்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பெரியவரின் 486-க்கும் 32 கம்பிகள் உண்டு. பழைய 8088-ஐப் போல நடிக்கச் சொல்லி டாஸ் அதைக் கட்டிப்போட்டிருந்தது. பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே!

கட்டை அவிழ்க்க வழிகள் இல்லாமல் இல்லை. 8088 முகவரியைக் கணக்கிடும் விதத்தில் ஒரு விநோதம் உண்டு. கணக்கின்படி அது 1024 கே.பி.யைத் தாண்டி இன்னும் 65,520 பைட் வரை எட்டிவிடும். கம்பி இருபதே என்பதால் சுற்றி மறுபடி முதல் எண்ணுக்கே வந்து விழும். 1984-ல் 24 கம்பி உள்ள 286 செயலியோடு ஐ.பி.எம். அடுத்த மாடலைக் கொண்டுவந்தபோது அது சுற்றி வராமல் நிஜமாகவே மேலே போனது. சில பழைய புரோகிராம்கள் இதனால் குழம்பும் என்று 21-வது கம்பிக்கு ஒரு கேட் வைத்தார்கள். அந்தக் கேட்டைத் திறந்து மூடும் பொறுப்பைக் கீபோர்டு சிப்பில் சும்மா இருந்த ஒரு காலிடம் ஒப்படைத்தார்கள். கீபோர்டுக்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், கால் காலியாக இருந்தது, அவ்வளவுதான். ஹைமெம்.சிஸ் என்ற டிரைவர் இந்தக் கேட்டைத் திறந்துவிடும். 1991-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 5, தன் உடம்பில் பெரும் பகுதியை அந்த 64 கே.பி. திண்ணைக்கு மாற்றிக்கொண்டு 640-க்குள் நமக்கு நாற்பது ஐம்பது கே.பி. விட்டுக்கொடுத்தது.

இரண்டாவது வழி இ.எம்.எம்.386. இது 386 முதல் வந்த செயலிகளின் சாமர்த்தியத்தைப் பயன்படுத்துவது. பின்னால் வீடில்லாமல் தொங்கும் அந்த 641-க்கு மேற்பட்ட எண் பலகைகளைக் கழற்றி, புறக்காலனியில் காலியாக உள்ள வீடுகளில் மாட்டிவிடும். தபால்காரர் எண்ணைப் பார்த்துப் போவார், வீடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீபோர்டு, மவுஸ், டிஸ்க் இவற்றுக்கான சிறு டிரைவர்களை அங்கே குடியேற்றினால் கீழே 640-ல் இடம் கிடைக்கும். குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் கியூஎம் என்ற மென்பொருளும் இதைச் செய்து பேர் வாங்கியது. 1993-ல் எம்.எஸ்.டாஸ் 6 மெம்மேக்கர் என்ற புரோகிராமைச் சேர்த்தே கொடுத்தது. அது தானே பலமுறை கணிப்பொறியை நிறுத்தித் தொடங்கி எதை எங்கே வைக்கலாம் என்று கணக்குப் போடும். ஆனாலும் கையால் செய்வதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெருமை. எதை முதலில் ஏற்றுவது என்பதில்தான் சூட்சுமம். சில டிரைவர்கள் உள்ளே நுழையும்போது நிறைய இடம் கேட்டுவிட்டு, உட்கார்ந்த பிறகு சுருங்கிக்கொள்ளும். அவற்றை முதலில் விட வேண்டும். பந்தியில் பெரிய குடும்பத்தை முதலில் உட்காரவைப்பது மாதிரி.

1998-ல் நான் முடக்கிய வரி எது என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். அந்த விளையாட்டுக்கு இ.எம்.எம்.386 ஆகாது. வரிக்கு முன்னால் 'ரெம்' என்று மூன்று எழுத்தை அடித்தேன். மேலே குடியிருந்தவர்கள் எல்லாரும் கீழே இறங்கினார்கள். போதாக்குறைக்கு சி.டி. டிரைவுக்கான இரண்டு டிரைவர்கள் வேறு. பெரியவரின் எடிட்டரோ ஒரு கோப்பைத் திறந்தால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை 640-க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ரகம். எழுத எழுதக் கோப்பு வளரும், இடம் குறையும்.

மெம் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். காலி இடம் 489 கே.பி. எடிட்டர் 320 எடுத்துக்கொள்ளும், கோப்பு 254. மொத்தம் 574, அதற்கு மேல் வேலை செய்யக் கொஞ்சம் இடம்.

"அங்கிள், கோப்பை என் லேப்டாப்புக்கு மாத்திக்கலாமே?" என்றான் பேரன். நியாயமான யோசனை. முதல் காரியமாகக் கோப்பை ஃபிளாப்பியில் பிரதியெடுத்தோம். யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் ஒன்றை நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். லேப்டாப்பில் திறந்தால் அச்சும் பிச்சுமாக ஐரோப்பிய எழுத்துகள். அந்நாளில் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்ற பொது முறைகள் வந்தன. பிறகு யூனிகோடு எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. பெரியவரின் எடிட்டரோ எந்தப் பொது முறைக்கும் முந்தியது. சரி, எடிட்டரையே லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் வைத்து ஓட்டலாம் என்றால் அதற்கும் தடை. பிரிண்டர் செருகும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு ஹார்டுவேர் லாக் இருக்கிறது. அது இல்லாமல் புரோகிராம் வாயைத் திறக்காது. களவுப் பிரதிக்குப் பயந்து அன்றைக்குப் பலரும் வைத்த பூட்டு. பூட்டு வைத்த நிறுவனமும் இன்று இல்லை. ஆக, அந்தக் கோப்பு தமிழாகத் தெரிவதற்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு கணிப்பொறிதான்.

முதலில் சோம்பேறி வழி. தொடங்கும்போது எஃப்5 விசையை அழுத்தினால் தொடக்கக் கோப்புகள் இரண்டையும் டாஸ் தாண்டிவிடும். ஒரு டிரைவரும் ஏறாது. ஆனால் ஹைமெம்மும் ஏறாததால் டாஸ் முழு உடம்போடு 640-க்குள் படுத்துக்கொள்ளும். காலி 573. எடிட்டருக்கு வேண்டிய தமிழ்க் கீபோர்டு புரோகிராமை ஏற்றியதும் 539. திறக்கவில்லை.

அடுத்து சி.டி. டிரைவர்கள் இரண்டையும் எடுத்தேன். 52 கே.பி. கிடைத்தது. டிஸ்க் வேகத்துக்கான ஸ்மார்ட் டிரைவ் 28, மவுஸ் 17. எல்லாம் எடுத்த பிறகு 586. தேவைக்குப் பன்னிரண்டு அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன். பாதி வரை ஏற்றிவிட்டு அதே வரியைக் காட்டியது. வேலை செய்ய அதற்கு இன்னும் இடம் வேண்டியிருந்தது.

மிஞ்சியது அந்த மூன்று எழுத்து. கான்ஃபிக்.சிஸ்ஸைத் திறந்தேன். நான் அடித்த 'ரெம்' அங்கேயே இருந்தது. அழித்தேன். டாஸ் வரியில் மேல் இடத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சேர்த்தேன். தமிழ்க் கீபோர்டை மேலே ஏற்றச் சொன்னேன். நிறுத்தித் தொடங்கி மெம் போட்டேன். 617.

இந்த எண் எனக்கு வேறொன்றையும் சொன்னது. 1998 மே வரை இதே 617-ல்தான் அவர் எழுதிக்கொண்டிருந்திருப்பார். அந்த எடிட்டரில் அதிகபட்சம் 270 கே.பி. வரைதான் ஒரு கோப்பு வளர முடியும். நான் சி.டி. டிரைவ் பொருத்தாமல் இருந்திருந்தாலும் இன்னும் பத்துப் பக்கத்தில் அவர் இதே சுவரில் முட்டியிருப்பார். அப்போதும் என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். கோப்பை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள் சார் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். பெரிய கோப்பைத் திறந்து வெட்டும்வரை இடம் விட, 'ரெம்' என்ற மூன்று எழுத்தை அழித்து, சி.டி. டிரைவரின் வரிகளையும் எடுத்துவிடுங்கள் என்பதும் அந்தத் தொலைபேசியிலேயே ஐந்து நிமிஷ வேலை. அவர் அளவுகோல் பிடித்து வேலை செய்த மனிதர், சொன்னால் செய்திருப்பார்.

கோப்பு திறந்தது. மாலை நாலே கால் மணி.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்குள் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த விஷயத்தில் அவர் கறாரானவர். வாசலுக்கு வெளியே உள்ளதைத்தான் எழுதியிருந்தார். 1971-ல் தகரப் பெட்டியோடு நாம்பள்ளி ஸ்டேஷனில் இறங்கியது, "கித்னா" என்பதைத் தவிர ஒரு சொல்லும் தெரியாமல் மீராலம் மண்டியில் கறிவேப்பிலைக்கு அலைந்தது, பாறையும் முள்ளுமாக இருந்த காஞ்சன்பாக் சாலையில் ஷிப்டு முடிந்து இரவு நடந்தது, அண்டை வீட்டு உருதுக்காரர் ரம்ஜானுக்கு அனுப்பிய சேமியாவுக்குப் பதிலாகப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாதென்று சர்க்கரைப் பொங்கல் அனுப்பியது, சங்கத்தின் முதல் கூட்டங்களுக்கு நாற்காலி கிடைக்காமல் ஜமுக்காளம் தூக்கிப் போனது. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய நம் சங்கத்தின் கணக்குவழக்குகூட ஓரிடத்தில் வருகிறது. யார் யார் சந்தா பாக்கி என்பது உட்பட.

பிரிண்டர் ரிப்பன் காய்ந்து போயிருந்தது. திரையைக் கைப்பேசியால் படமெடுப்பது என்று முடிவு செய்தோம். நான் பக்கம் தள்ளத் தள்ளப் பேரன் ஒவ்வொன்றாக எடுத்தான். திரைக்கு இருபது வரி. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு படங்கள். நடுவே அறுபதாவது படத்திலோ என்னவோ அவன் நிறுத்திவிட்டு, "ஒரு நிமிஷம் அங்கிள், படிச்சிட்டு எடுக்கிறேன்" என்றான். அதிலிருந்து வேலை மெதுவாகிவிட்டது. அம்மா பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முடிக்கும்போது இரவு ஒன்பதரை. கணிப்பொறியை அணைத்தபோது அதன் தேதி இன்னும் 1980 ஜனவரி 1-தான்.

அந்த ஹார்ட் டிஸ்க்கும் ஹார்டுவேர் லாக்கும் இப்போது என்னிடம் இருக்கின்றன. கூடவே மதர்போர்டையும் கொண்டுவந்துவிட்டேன். வெறும் பெட்டிக்குக் கபாடிக்காரர் நூறு ரூபாய்தான் கொடுத்தார். இதே எடிட்டரில் எழுதிய கோப்புகள் வேறு அன்பர்களிடம் இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன்.

படங்களைப் பார்த்துப் பார்த்து யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறேன். எழுபதாவது படம் வரை வந்திருக்கிறது. அம்மாவுக்கு அவ்வப்போது அனுப்புகிறேன். சென்ற வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேசினார்.

"தம்பி, நான் முதல் முதல்ல ஐதராபாத் வந்தது தை மாசம்னு எழுதியிருக்கார். தப்பு. மாசி. எங்க ஊர்த் தேர் முடிஞ்ச மறுநாள்தான் கிளம்பினேன். திருத்திடுங்க."

அவர் எழுதியதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. தை என்பதை அப்படியே விட்டு, கீழே அடிக்குறிப்பாக அம்மா சொன்னதைச் சேர்த்திருக்கிறேன்.